கீறப்பட்ட கண்ணாடியும் துடைப்பவர் மீது விழும் பழியும்

பொது இடமொன்றிலுள்ள கண்ணாடியில் எவரோ கிறுக்கிவிட்டுச் சென்றால், மறுநாள் காலையில் அதன் முன் வாளியுடன் நிற்க நேர்பவர் யன்னல் துடைக்கும் தொழிலாளியே. சேதம் விளைவித்தவர் பெரும்பாலும் அகப்படுவதில்லை. ஆனால், கண்ணாடி பழைய நிலைக்குத் திரும்பாவிட்டால் கேள்விக்குள்ளாகுபவர் அத்தொழிலாளியாகவே இருக்கின்றார். எந்தச் சேதம் துடைத்தால் நீங்கும், எது நீங்காது என்பதைக் கட்டட உரிமையாளர்கள் அறிந்திருப்பார்களாயின் இந்த அநீதியின் பெரும்பகுதியைத் தவிர்த்துக்கொள்ள முடியும்.

இவ்விடயத்தில் நியூயோர்க் நகரின் அனுபவம் நோக்கத்தக்கது. 1970களிலும் 1980களிலும் அந்நகரின் சுரங்கப் புகையிரதங்கள் தெளிப்பு வர்ணக் கிறுக்கல்களால் மூடப்பட்டிருந்தன. நீண்ட முயற்சியின் பின்னர், 1989 மே மாதத்தில் தமது வண்டிகள் கிறுக்கல்களிலிருந்து விடுபட்டுவிட்டதாகப் போக்குவரத்து அதிகாரிகள் அறிவித்தனர். எனினும் பிரச்சினை முடிந்துவிடவில்லை, வடிவம் மாறியது. கழுவினால் நீங்கிவிடும் வர்ணத்தைக் கைவிட்டவர்கள், கழுவினாலும் நீங்காத கீறல்களை யன்னல் கண்ணாடிகளில் இடத் தொடங்கினர். அதன்பின் கண்ணாடியை அரிக்கும் அமிலமும் பயன்படுத்தப்பட்டது. தெளிப்பு வர்ணம், அகன்ற முனைப் பேனா என்பவற்றுடன் அரிப்பு அமிலத்தையும் 21 வயதுக்குட்பட்டோருக்கு விற்பது அந்நகரில் 2006 ஆம் ஆண்டு முதல் தடைசெய்யப்பட்டுள்ளது.

வர்ணம், கீறல், அமிலம் ஆகிய இம்மூன்றும் துடைப்பவருக்கு வெவ்வேறு பணிகளாகும். இவற்றுள் இலகுவானது வர்ணமே. கண்ணாடியில் நுண்துளைகள் இல்லாததால் வர்ணம் அதனுள் ஊடுருவாது மேற்பரப்பிலேயே தங்கிவிடுகின்றது. கண்ணாடியைச் சவர்க்கார நீரால் நன்கு நனைத்து, கூரிய புதிய அலகைக் கொண்டு ஒரே திசையில் சுரண்டினால் அது கழன்றுவிடும். ஆனால் இங்கும் ஓர் ஆபத்து மறைந்திருக்கின்றது. வெப்பமூட்டிச் சடுதியாகக் குளிர்வித்து வன்மையாக்கப்படும் கண்ணாடியைத் தயாரிக்கும்போது போதிய சுத்தம் பேணப்படாவிட்டால், கண்ணுக்குப் புலப்படாத கண்ணாடித் துகள்கள் அதன் மேற்பரப்பில் ஒட்டி இறுகிவிடுகின்றன. அலகு அவற்றை இழுத்துச் செல்லும்போது பரப்பெங்கும் கீறல்கள் விழுகின்றன. தொழிற்சாலையில் நேர்ந்த குறைக்குத் துடைத்தவர் மீது பழி விழுவது இவ்வாறுதான். மேலும், வெயிலைத் தடுக்கும் மெல்லிய படலம் ஒட்டப்பட்ட கண்ணாடியிலும், கண்ணாடி போலத் தோன்றும் பிளாத்திக்குத் தகடுகளிலும் அலகை வைத்தலே தவறாகும்.

இரண்டாவது வகையான கீறல், கண்ணாடியின் ஒரு பகுதி அகற்றப்பட்டதனால் உண்டாவது. எந்தத் திரவத்தாலும் அதை நிரப்ப முடியாது. நகத்தை அதன் மேல் குறுக்கே நகர்த்தும்போது தடைப்படாவிட்டால், சீரியம் ஒட்சைட்டுத் தூளும் மினுக்கும் இயந்திரமும் கொண்டு சுற்றியுள்ள பரப்பைத் தேய்த்து அதை மறையச் செய்யலாம். நகம் சிக்குமளவு ஆழமாயின், அதனைப் போக்குவதற்குப் பெருமளவு கண்ணாடியைத் தேய்த்தெடுக்க வேண்டும். அப்போது அவ்விடம் வில்லையைப் போலாகி, அதனூடாகத் தெரியும் காட்சி நெளிந்து தோன்றும். தேய்ப்பினால் உண்டாகும் வெப்பம் கண்ணாடியை வெடிக்கச் செய்யவும் கூடும். ஆகவே இது துடைத்தலன்று. தனியான தேர்ச்சியும் தனியான கூலியும் வேண்டிய வேறொரு தொழிலாகும்.

மூன்றாவது வகை உயிராபத்துடன் தொடர்புபட்டது. கண்ணாடியின் பிரதான கூறான சிலிக்காவைக் கரைக்கும் ஆற்றல் ஐதரோபுளோரிக் அமிலத்துக்கு உண்டு. கண்ணாடியில் அலங்காரம் செய்வதற்கென விற்கப்படும் பசைகளில் புளோரைட்டுச் சேர்வைகள் அடங்கியுள்ளன. இவற்றால் எழுதப்பட்ட இடம் உறைபனி படிந்தாற்போல வெண்மையாகத் தோன்றும். அதைச் சாதாரண அழுக்கெனக் கருதி ஈரத்துணியால் துடைக்க முற்படும் தொழிலாளி, எஞ்சியுள்ள அமிலத்தைத் தமது கையிலேயே ஏற்றுக்கொள்கின்றார். செறிவு குறைந்த அமிலம் பட்டவுடன் வலிப்பதில்லை. வலி தோன்ற மணித்தியாலக் கணக்காகலாம். அதற்கிடையில் அது தோலை ஊடுருவி உடலின் கல்சியத்துடன் சேர்ந்துவிடுகின்றது. பாதிப்புக் கடுமையானால் இதயத் துடிப்பே சீர்குலையக்கூடும். பட்ட இடத்தை உடனடியாகப் பெருமளவு நீரால் கழுவி, கல்சியம் குளுக்கோனேற்றுக் களிம்பைப் பூசி, வலியில்லாவிட்டாலும் வைத்தியசாலைக்குச் செல்வது அவசியமாகும். வெண்மையான கறை எதனால் ஏற்பட்டதென்று தெரியாதவரை வெறுங்கையால் தொடாதிருப்பதே முதல் விதியாகும்.

இவற்றிலிருந்து நாம் பெறும் பாடம் தெளிவானது. துடைப்பவர் வேலையைத் தொடங்குமுன் கண்ணாடியைக் கவனமாகப் பரிசோதித்து, ஏற்கனவே காணப்படும் கீறல்களையும் அரிப்புகளையும் புகைப்படமெடுத்து, உரிமையாளரின் கையொப்பத்தைப் பெற்றுக்கொள்வது நன்று. இது அவநம்பிக்கையின் அடையாளமல்ல. அன்றாடக் கூலியில் வாழும் ஒருவர், தாம் செய்யாத சேதத்துக்காக ஒரு முழுக் கண்ணாடியின் விலையைச் செலுத்தும் நிலைக்குத் தள்ளப்படாதிருக்க இதுவே வழியாகும்.

உரிமையாளர்களுக்கும் கடமை உண்டு. நியூயோர்க்கில் புகையிரத யன்னல்களின் மீது ஒளிபுகும் பொலியெஸ்டர் படலம் ஒட்டப்பட்டது. கீறலைப் படலம் ஏற்றுக்கொள்கின்றது. பழுதடைந்ததும் அதனை உரித்து வேறொன்றை ஒட்டினால் போதுமானது. கண்ணாடியை மாற்றுவதை விட இது சிக்கனமானது என்பதுடன், துடைப்பவரையும் வீண்பழியிலிருந்து காக்கின்றது.

கொழும்பிலும் கண்ணாடி முகப்புக் கொண்ட கட்டடங்கள் உயர்ந்து நிற்கின்றன. அவற்றின் பளபளப்பை வியக்கும் நாம், கயிற்றில் தொங்கியபடி அதனைப் பேணுபவரை நினைப்பதில்லை. கறையை நீக்குமாறு அவரிடம் கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. கண்ணாடிக்கு நேர்ந்த காயத்துக்கு அவரைப் பொறுப்பாளியாக்குவதற்கு எவருக்கும் உரிமையில்லை.