பிள்ளைக்கு நீங்கள் கொடுப்பது ஓ.ஆர்.எஸ். தானா?

மாவட்டப் பேட்மிண்டன் போட்டி நடக்கும் அரங்குகளில் இதைப் பார்த்துக்கொண்டேயிருக்கிறேன். தகரக் கூரை. காற்றில் ஷட்டில் விலகும் என்று மின்விசிறியை நிறுத்தியிருப்பார்கள். அன்றைக்கு மூன்றாவது மேட்ச் ஆடும் பிள்ளை வேர்த்து ஊற்றித் துவண்டு உட்காரும். அப்பா ஓடிப்போய் ஓ.ஆர்.எஸ். என்று நினைத்து ஆப்பிள் சுவையில் ஒரு டெட்ராபேக் வாங்கி வருவார். அது மருந்தல்ல, சர்க்கரைத் தண்ணீர்.

உண்மையான ஓ.ஆர்.எஸ். கரைசலில் லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு இது. அட்டையைத் திருப்பி இந்த நான்கையும் தேடுங்கள். இல்லாவிட்டால் வாங்காதீர்கள். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகுதான், இந்த அளவில் இல்லாத பானங்கள் அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. ஒரு எச்சரிக்கை வாசகத்தோடு 2022-ல் அனுமதித்ததும் இதே ஆணையம்தான்! பெயரை மாற்றி வந்தாலும் உள்ளே இருப்பதைப் பாருங்கள்.

ஒரு லிட்டர் பொட்டலத்தை முழுதாக ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தைப் பாட்டிலில் கொட்டிக் குலுக்குவதும், ஜூஸில் கலப்பதும் வேண்டாம். ஒரு மணி நேரப் பயிற்சிக்குத் தண்ணீரே போதும். நாள் முழுக்க ஆடும்போதுதான் உப்பும் தேவை. அப்போது வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறையும், அதுவும் ஆபத்து. ஆடுமுன்னும் ஆடிய பின்னும் எடை பாருங்கள். 50 கிலோ பிள்ளை ஒரு கிலோ இழந்திருந்தால் ஆட்டம் தளர அதுவே போதும். கேமுக்கு நடுவே கிடைக்கும் 60 வினாடியிலும், கேம் முடிந்து கிடைக்கும் 120 வினாடியிலும் சில மடக்காவது குடிக்கப் பழக்குங்கள்.

பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடம்பில் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்து 108-ஐ அழையுங்கள்.

போலிப் பெயரில் விற்றால் சண்டை போட்டுவிட்டு வராதீர்கள், பில் கேளுங்கள். பில், அட்டையின் முன்பக்கம், பின்பக்கம், பேட்ச் எண், 14 இலக்க உரிம எண் எல்லாவற்றையும் படமெடுத்து, மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் எழுத்துமூலம் கொடுங்கள். 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலியிலும் பதியலாம். பணத்தைத் திரும்பப் பெற நுகர்வோர் உதவி எண் 1915. நியமன அலுவலரின் அலுவலகத்தில் ‘பார்க்கிறோம்’ என்று வாய்வார்த்தை சொல்லி அனுப்பப் பார்ப்பார்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அந்த அலுவலகத்தை விட்டு நகராதீர்கள்.