கழுகின் நகத்தில் பசை

வாசகி ஒருவர் பழைய காலண்டர் தாளைக் கிழித்து அனுப்பியிருக்கிறார். “வேட்டையாடும் கழுகு என்று போட்டிருக்கிறார்களே, இரையைக் காணோமே?” என்பது அவர் கேள்வி.

ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே வரைந்த ‘எடோவின் நூறு புகழ்பெற்ற காட்சிகள்’ வரிசையில் 1857இல் வந்த படம் அது. எடோ இன்றைய டோக்கியோ. கீழே பனி மூடிய ஜூமான்ட்சுபோ சதுப்பு நிலம். தூரத்தில் இரட்டைச் சிகரத்தோடு ட்சுகுபா மலை. மேற்பகுதி முழுவதையும் சிறகால் அடைத்துக்கொண்டு, கழுத்தை வளைத்துக் கீழே பார்க்கிறது கழுகு. தண்ணீரில் ஒரு மரத்தொட்டி மிதக்கிறது, அவ்வளவுதான். முயலையோ வாத்தையோ வரைந்திருந்தால் கழுகை ஒரு நொடி பார்த்துவிட்டுப் போயிருப்போம். இப்போது அதோடு சேர்ந்து நாமும் தேடுகிறோம். வேட்டைப் படங்களில் எனக்கு இதற்கு மிஞ்சியது இல்லை.

இது மரப்பலகை அச்சு: ஓவியர் வரைவார், செதுக்குபவர் செர்ரி மரப் பலகைகளில் வெட்டுவார், அச்சடிப்பவர் நிறம் நிறமாகத் தாளில் ஏற்றுவார். இதெல்லாம் தெரிந்த கதை. என்னைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் கடைசி ஆளின் வேலை. நல்ல முதல் அச்சுகளில் இறகின் மேல் காக்காய்ப்பொன் தூள் இருக்கும். நகங்களுக்குப் பசை சேர்த்த கறுப்பு. நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தாளைச் சற்றுச் சாய்த்தால் இறகு மினுங்கும், நகம் இப்போதுதான் நனைந்ததுபோலப் பளபளக்கும். அம்மாவின் மயில்கழுத்துப் பட்டுச் சேலையும் இப்படித்தான்: மடிப்பு அசைந்தால்தான் உள்ளே இருக்கும் பச்சை வெளியே வரும். அன்று இந்தப் படத்தை வாங்கியவர்கள் கையில் வைத்துப் பார்த்தார்கள். கை அசைய, கழுகுக்கும் உயிர் வந்திருக்கும்.

வரிசை நன்றாக விற்றது. விற்கிற சரக்குக்கு எதற்கு இத்தனை மெனக்கெடல் என்று பிந்தைய அச்சுகளில் இந்த நுணுக்கங்களைக் குறைத்துவிட்டார்கள். நாமோ காலண்டர், கைப்பேசி உறை, குளிர்பெட்டிக் காந்தம் என்று இன்னும் தட்டையாக்கிவிட்டோம். தாளில் ஓவியர் பெயர் உண்டு, பதிப்பாளர் உவோயா எய்கிச்சியின் முத்திரை உண்டு. காக்காய்ப்பொன் தூவியவர் பெயர் இல்லை.

நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் இந்த வரிசை முழுவதும் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் நிறம் வெளுக்கும் என்பதால் அடிக்கடி வெளியே எடுப்பதில்லை. 2024இல் காட்சிக்கு வைத்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் தாளைச் சாய்க்க முடியாது, பார்க்கிறவர்தான் சாய வேண்டும். வாசகிக்கு அப்படியொரு வாய்ப்புக் கிடைத்தால் முழங்காலை மடக்கிப் பக்கவாட்டிலிருந்து பார்க்கட்டும். காவலர் முறைப்பார், முறைக்கட்டும்.