பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருந்த பீர்

மைதாஸ் மன்னரின் பெயரில் அமெரிக்காவில் ஒரு பீர் விற்றார்கள் என்று சொன்னால் நமக்கு உடனே இரண்டு கேள்விகள் எழும். தொட்டதெல்லாம் பொன்னான கதையில் வருகிறாரே, அந்த மைதாஸா? அவர் காலத்தில் குடித்ததை இந்தக் காலத்தில் எப்படிக் காய்ச்ச முடியும்? முதல் கேள்விக்கு ஏறக்குறைய ஆம் என்று சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் நிதானமாகத்தான் போக வேண்டும். டீயை ஊற்றிக்கொள்ளுங்கள். பீரைத் தொட்டே பார்க்காதவர்களும் தாராளமாகக் கூட வரலாம். 2,700 ஆண்டுகளுக்கு முன் காய்ந்துபோன ஒரு பானத்தை அதன் கறையிலிருந்து எப்படித் தெரிந்துகொள்கிறார்கள் என்றுதான் பார்க்கப்போகிறோம்.

முதலில் அந்த பீர் ஆலை. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் டெலவேர் என்று ஒரு குட்டி மாநிலம். அங்கே ரெஹோபத் பீச் என்ற கடற்கரை ஊரில் 1995இல் சாம் கலஜியோனி என்ற இளைஞர் ஓர் உணவகம் திறந்தார். சாப்பாட்டோடு அங்கேயே காய்ச்சிய பீரையும் கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. உணவகத்துக்குள் பீர் காய்ச்சி விற்க அந்த மாநிலச் சட்டத்தில் அப்போது இடமில்லை. சட்டத்தைத் திருத்த வைத்துவிட்டுத்தான் கடையைத் திறந்தார். கடைக்கு டாக்ஃபிஷ் ஹெட் என்று பெயர் வைத்தார்.

தொடக்கத்தில் அவரிடம் இருந்த பாத்திரங்களில் ஒரு தடவைக்கு 12 காலன், அதாவது சுமார் 45 லிட்டர்தான் காய்ச்ச முடியும். ஒரு கல்யாண வீட்டில் ரசம் வைக்கக்கூட அது போதாது. வருகிறவர்களுக்குக் கொடுக்கப் போதாமல் அவர் திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டியிருந்தது. பார்வைக்கு இது பெரிய குறை. ஆனால் இதில் ஒரு லாபம் ஒளிந்திருந்தது. ஒரே பீரைத் திரும்பத் திரும்பக் காய்ச்ச அலுத்துப்போனால், சமையலறையில் கிடக்கும் உலர்திராட்சையையோ சிக்கரியையோ ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம். கெட்டுப்போனால் 45 லிட்டர் நஷ்டம், அவ்வளவுதான். பெரிய ஆலைக்காரர் ஒரு தடவைக்குப் பல ஆயிரம் லிட்டர் காய்ச்சுகிறவர். அவருக்கு அந்தத் துணிச்சல் வராது.

இனி பீர் எப்படி உண்டாகிறது என்று ஒரு நிமிடம் பார்த்துவிடுவோம், மேலே போக அது வேண்டும். பார்லியை ஊறவைத்து முளைகட்டி உலர்த்துகிறார்கள். இதற்கு மால்ட் என்று பெயர். முளைவிடும்போது தானியத்துக்குள் உண்டாகும் நொதிகள், வெந்நீரில் கலக்கும்போது மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. அந்த இனிப்பு நீரை வடித்து, கசப்புக்காக ஹாப்ஸ் என்ற கொடியின் பூவைப் போட்டுக் கொதிக்க வைத்து, ஆறியதும் ஈஸ்ட் சேர்க்கிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. ஹாப்ஸை மட்டும் இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது பீருக்குள் வந்து வழக்கமானது ஐரோப்பாவின் இடைக்காலத்தில்தான். மைதாஸ் காலத்து பீரில் ஹாப்ஸ் கிடையாது.

அடுத்து துருக்கிக்குப் போவோம். அங்காராவுக்குத் தென்மேற்கே கோர்டியான் என்ற பழைய நகரம் இருக்கிறது. மைதாஸ் ஆண்ட ஃப்ரிஜிய அரசின் தலைநகரம். அங்கே ஐம்பது மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் ஒரு மண்மேட்டை 1957இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ராட்னி யங் குழுவினர் குடைந்தார்கள். உள்ளே மரக்கட்டைகளால் கட்டிய ஓர் அறை, அதில் அறுபது வயதைத் தாண்டிய ஒருவரின் எலும்புக்கூடு, சுற்றிலும் 157 வெண்கலப் பாத்திரங்கள். அண்டா, குடம், கிண்ணம் என்று ஒரு பெரிய விருந்துக்கான சாமான் முழுதும் அப்படியே இருந்தது. அடக்கம் செய்வதற்கு முன் விருந்து நடந்திருக்கிறது. உண்டு குடித்த பாத்திரங்களையும் அவரோடேயே வைத்து மூடிவிட்டார்கள்.

முதல் கேள்விக்கு ஏறக்குறைய ஆம் என்றேனே, அந்த ‘ஏறக்குறைய’ இங்கேதான் வருகிறது. மரக்கட்டைகளின் ஆண்டு வளையங்களை எண்ணிப் பார்த்ததில் அந்த அறை கட்டப்பட்டது கி.மு. 740 வாக்கில் என்று தெரிகிறது. மைதாஸ் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஆண்டிருக்கிறார். அசீரியர்களின் ஆவணங்களில் அவர் மீத்தா என்ற பெயரில் வருகிறார். ஆகவே உள்ளே கிடப்பது அவருடைய தந்தையாக இருக்கலாம் என்பதே ஆய்வாளர்கள் பலரின் எண்ணம். தந்தை என்றால் விருந்து வைத்தவர் மைதாஸ். அவர் வீட்டு பானம்தான் என்று சொல்வதில் பெரிய தவறில்லை.

அந்தப் பாத்திரங்களின் அடியில் காய்ந்து ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுத்துப் பத்திரப்படுத்தியதுதான் யங் குழுவினர் செய்த மிக நல்ல காரியம் என்று நினைக்கிறேன். பளபளக்கும் வெண்கலம் கிடைத்திருக்கும்போது அழுக்கைப் பொட்டலம் கட்டி வைக்கப் பொறுமை வேண்டும். நாற்பது ஆண்டுகள் அது பல்கலைக்கழக அருங்காட்சியகத்திலேயே கிடந்தது. 1990களின் இறுதியில் அங்கேயே பணியாற்றிய பாட்ரிக் மெக்கவர்ன் அதை எடுத்து வேதியியல் முறையில் ஆராய்ந்தார். முடிவுகள் 1999இல் நேச்சர் இதழில் வெளியாயின.

மூன்று தடயங்கள் கிடைத்தன. ஒன்று, தேன்மெழுகு. தேனின் சர்க்கரை காலத்தில் அழிந்துவிடும். எவ்வளவு வடிகட்டினாலும் கொஞ்சம் தங்கிவிடுகிற மெழுகு அழியாது. ஆகவே தேன் இருந்தது. இரண்டு, கால்சியம் ஆக்சலேட். பார்லி பீர் தங்கும் பாத்திரத்தின் உட்புறத்தில் படிகிற கெட்டியான உப்புப் படிவு இது. இன்றைய ஆலைகளிலும் தேய்த்துக் கழுவ வேண்டியிருக்கிறது. ஆகவே பார்லி பீர் இருந்தது. மூன்று, டார்டாரிக் அமிலம். அதிலிருந்து திராட்சை மது இருந்தது என்றார்கள். ஒயின், பீர், தேன்மது மூன்றும் ஒரே கிண்ணத்தில் கலந்த பானம் அது.

மூன்றாவது தடயத்தைக் கேட்டதும் நம் ஊர்க்காரர் ஒருவர் கையைத் தூக்குவார். டார்டாரிக் அமிலம் புளியில் ஏராளமாக இருக்கிறதே, அது ஏன் புளியாக இருக்கக்கூடாது? மிக நல்ல கேள்வி. வேதிப்பொருள் மட்டும் தனியாக நின்று எதையும் நிரூபிப்பதில்லை. அந்தக் காலத்தில் அந்த இடத்தில் என்ன விளைந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். அன்றைய அனடோலியாவில் புளியமரம் இல்லை, திராட்சைத் தோட்டம் இருந்தது. அதனால் திராட்சை. இதே அமிலம் சீனத்தில் கிடைத்தபோது பதில் மாறியது. ஹெனான் மாகாணத்தில் ஜியாஹு என்ற இடத்தின் சுமார் 9,000 ஆண்டுப் பழைமையான பானைகளிலும் மெக்கவர்ன் டார்டாரிக் அமிலத்தைக் கண்டார். அங்கே அதற்குக் காரணம் ஹாத்தார்ன் என்ற முள்மரத்தின் சிறு பழமாகவும் இருக்கலாம், காட்டுத் திராட்சையாகவும் இருக்கலாம் என்று எழுதினார்.

2000ஆம் ஆண்டில் அந்த அருங்காட்சியகத்தில் நடந்த ஒரு விருந்துக்கு பீர் காய்ச்சுகிறவர்கள் பலர் வந்திருந்தார்கள். மைதாஸ் பானத்தை யாராவது மறுபடி செய்து பார்க்கிறீர்களா என்று அவர்களிடம் மெக்கவர்ன் கேட்டார். கலஜியோனி முன்வந்து பார்லி மால்ட், தேன், மஸ்கட் திராட்சை, குங்குமப்பூ சேர்த்துக் காய்ச்சினார். அதுதான் மைதாஸ் டச் என்ற பெயரில் புட்டியில் வந்தது. தொல்லியலாளரும் பீர்க்காரரும் சேர்ந்து வேலை செய்வது முற்றிலும் புதிது என்று சொல்ல முடியாது. சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலையில் ஃப்ரிட்ஸ் மேடாக் 1989இலேயே சுமேரியக் களிமண் பலகையில் இருந்த நின்காசி தெய்வத்தின் துதிப்பாடலை வைத்து ஒரு பீர் காய்ச்சியிருந்தார். ஆனால் அதை ஒரு வரிசையாகவே வளர்த்தது டாக்ஃபிஷ் ஹெட்தான்: மைதாஸ், ஜியாஹு, ஹோண்டுராஸின் கொக்கோ பானம், எகிப்திய பீர்.

எல்லோருக்கும் வரும் ஒரு தவறான எண்ணம் இங்கேதான் பிறக்கிறது. பழைய செய்முறை கண்டெடுக்கப்பட்டது, அதை அப்படியே செய்கிறார்கள், ஆகவே நாம் குடிப்பது மைதாஸ் வீட்டில் குடித்தது. செய்தித்தாள்களும் பல நேரம் அப்படித்தான் எழுதின. இது ஏன் சரியில்லை என்று பார்க்க நம் சமையலறைக்கே போவோம். பாட்டி வைத்த வத்தக்குழம்பு தீர்ந்துபோய், கழுவாத மண்சட்டி மட்டும் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் ஒட்டியதை ஆராய்ந்தால் புளி உண்டு, நல்லெண்ணெய் உண்டு, மிளகாய் உண்டு என்று சொல்லிவிடலாம். எவ்வளவு புளி? வத்தலை முதலில் வறுத்தாரா? எவ்வளவு நேரம் சுண்ட விட்டார்? ஒட்டாமல் போன பொருள் என்னென்ன? சட்டி இதற்கெல்லாம் பதில் சொல்லாது. அதை வைத்து நாம் ஒரு நல்ல வத்தக்குழம்பு வைக்க முடியும். பாட்டி வைத்த குழம்பை வைக்க முடியாது.

மைதாஸ் டச்சிலும் இதே கதைதான். தேன், பார்லி, திராட்சை மூன்றும் சான்றுள்ளவை. அவற்றின் அளவு கலஜியோனியின் கணிப்பு. குங்குமப்பூவுக்குப் பாத்திரத்தில் தடயமே இல்லை. ஹாப்ஸ் இல்லாத பானத்தில் தேனின் இனிப்பைச் சமன்செய்ய ஏதாவது கசப்பு இருந்திருக்க வேண்டும், அந்த நிலப்பகுதிக்குப் பொருந்துகிற ஒன்றாக அது இருக்கலாம் என்பது மெக்கவர்னின் ஊகம். ஜியாஹு பீர் இன்னும் ஒரு படி விலகிப் போகிறது. அதில் பார்லி மால்ட் இருக்கிறது. ஜியாஹு மக்களிடம் பார்லியே இல்லை, அவர்கள் பயன்படுத்தியது அரிசி.

இன்னொரு இடைவெளி ஈஸ்ட். இன்று ஆலைகள் சேர்ப்பது ஒரே வகையான தூய ஈஸ்ட். அப்படித் தனியாகப் பிரித்தெடுக்கும் முறையை 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் கண்டார். அதற்கு முன் பழத்தோலிலும் காற்றிலும் பாத்திரத்திலும் இருந்த பலவகை ஈஸ்ட்களும் பாக்டீரியாக்களும் சேர்ந்தே வேலை செய்தன. பானம் நாளுக்கு நாள் புளித்துக்கொண்டே போயிருக்கும். வடிகட்டிக் குளிரூட்டி, வாயு ஏற்றிப் புட்டியில் அடைத்த ஒன்றை மைதாஸ் வாயில் வைத்தால் அவருக்கு அடையாளம் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அப்படியானால் இது ஏமாற்றா? இல்லை என்றே நான் உறுதியாகச் சொல்வேன். எது சான்று, எது ஊகம் என்று மெக்கவர்ன் தம் எழுத்துகளில் பிரித்தே சொன்னார். புட்டியில் ஒரு மன்னர் படத்தையும் பழைய ஆண்டையும் அச்சடித்துவிட்டு உள்ளே வழக்கமான பீரை ஊற்றும் கடைகள் உலகம் முழுக்க இருக்கின்றன. ‘இது எந்தப் பாத்திரத்தில் கிடைத்தது, யார் ஆராய்ந்தார்?’ என்று கேட்டுப் பாருங்கள், அங்கே பதில் வராது. டாக்ஃபிஷ் ஹெட்டில் அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது.

வரலாறுதான் அந்தச் சின்னக் கடையை வளர்த்ததா? பாதி உண்மை. 1970களின் இறுதியில் அமெரிக்கா முழுவதிலும் நூறு பீர் ஆலைகள்கூட இல்லை. ஏறக்குறைய ஒரே சுவையுள்ள, லாகர் என்ற மெல்லிய பீரை மலிவாக விற்ற பெரிய நிறுவனங்களே மிஞ்சியிருந்தன. வீட்டில் பீர் காய்ச்ச 1978இல் அனுமதி கிடைத்த பிறகு, வீட்டில் பழகியவர்கள் கடை வைத்தார்கள். இப்போது ஆலைகள் 9,000க்கும் மேல். இந்தக் கூட்டத்தில் விலையால் ஜெயிக்க முடியாதவருக்குத் தன் பெயரை நினைவில் நிறுத்த ஏதாவது வேண்டும். மைதாஸ் அதைச் செய்தார். நாளிதழ்களும் தொலைக்காட்சியும் தேடி வந்தன. ஆனால் தினமும் கல்லாவை நிரப்பியது ஹாப்ஸ் மிகுந்த ஐபிஏ என்ற வகை. கொதிக்கும் 60 நிமிடமும் ஹாப்ஸை இடைவிடாமல் தூவிச் செய்த ‘60 மினிட் ஐபிஏ’ 2003இல் வந்து நெடுங்காலம் அவர்களின் முதன்மைச் சரக்காக இருந்தது. ஆலை 2002இலேயே மில்டன் என்ற ஊரில் ஒரு பழைய டப்பா உணவுத் தொழிற்சாலைக்கு மாறிவிட்டது. 2019இல் பாஸ்டன் பீர் கம்பெனியோடு சுமார் 30 கோடி டாலர் மதிப்பில் இணைந்தது. 45 லிட்டரில் தொடங்கி 24 ஆண்டுகள்.

ஈஸ்ட் இடைவெளியை அடைக்கவும் அவர்கள் ஒருமுறை முயன்றார்கள். எகிப்திய பீருக்காக கலஜியோனியும் மெக்கவர்னும் கெய்ரோ பக்கம் போய், ஒரு பேரீச்சந்தோட்டத்தில் திறந்த தட்டுகளை வைத்து அங்கே உலவும் காட்டு ஈஸ்ட்டைப் பிடித்தார்கள். அதை ஆய்வகத்தில் வளர்த்துத்தான் டா ஹென்கெட் என்ற அந்த பீரை நொதிக்க வைத்தார்கள். அதுவும் இன்றைய கெய்ரோவின் ஈஸ்ட்தான், பிரமிடு கட்டியவர்களின் பானையில் இருந்தது அல்ல. ஆனாலும் கடையில் வாங்கும் ஈஸ்ட்டைவிட அது நைல் நதிக்கு அருகில் இருக்கிறது.