பயம் காட்டும் ஒரு வார்த்தை

டெல்லி அதிகாரிகளுக்குப் பிடித்த ஆங்கில வார்த்தைகளில் 'டெட்டரன்ஸ்' ஒன்று. அணுகுண்டுக்கும் அதே நியாயம், தூக்குக் கயிற்றுக்கும் அதே நியாயம். தமிழில் சுலபமாக 'தடுப்பு' என்று எழுதிவிடுகிறார்கள். பாதி அர்த்தம் அங்கேயே தொலைந்துபோகிறது. லத்தீன் மூலத்தின்படி அது மிரட்டி விலக்குவது. 'டெரர்' என்ற சொல்லும் அதே வேரில் முளைத்ததுதான். கொல்லையைச் சுற்றி வேலி போட்டால் தடுப்பு. சோளக்கொல்லை பொம்மையை நட்டுவைத்தால் டெட்டரன்ஸ். குருவி பயந்தால்தான் உண்டு.

1998 மே மாதம் பொக்ரானில் ஐந்து அணு வெடிப்புகளை நடத்திய பிறகு வாஜ்பாய் அரசு கையில் எடுத்த கொள்கை, நம்பத்தகுந்த, குறைந்தபட்ச டெட்டரன்ஸ். 2003 ஜனவரி 4இல் அமைச்சரவையின் பாதுகாப்புக் குழு அதை முறைப்படி அறிவித்தது: இந்தியா முதலில் அணு ஆயுதத்தைப் பயன்படுத்தாது, தாக்கினால் பதிலடி பயங்கரமாக இருக்கும். குறைந்தபட்சம் என்றால் எத்தனை குண்டுகள்? அரசு மூச்சுவிடவில்லை. பொம்மைக்குள் இருப்பது வைக்கோலா என்பது குருவிக்குத் தெரியக் கூடாதே!

ஆனால் மிரட்டல் பலித்ததா? பொக்ரானுக்கு மறு ஆண்டே கார்கில் வெடித்தது. இரு தரப்பிடமும் குண்டு இருந்தும் போர் மூண்டது. 500க்கும் அதிகமான இந்திய வீரர்கள் உயிரிழந்தனர். அதே சமயம், கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்ட வேண்டாம் என்று இந்திய விமானப் படைக்கு உத்தரவு இருந்தது; போர் மலையுச்சிகளோடு நின்றது. குண்டு பயனற்றது என்பவர்களும் குண்டுதான் காப்பாற்றியது என்பவர்களும் காட்டுவது இதே கார்கிலைத்தான்.

நீதிமன்ற வளாகத்தில் சிக்கல் இன்னும் அதிகம். கொலை செய்தவன் கணக்கில் வருவான். பயந்து கையை இழுத்துக்கொண்டவனை எந்தப் பதிவேட்டில் தேடுவது? 1967இல் மரண தண்டனை நீடிக்கட்டும் என்றது சட்ட கமிஷன். 2015இல் அதே கமிஷன், ஆயுள் தண்டனையைவிட அதிகமாகத் தூக்கு யாரையும் மிரட்டுவதில்லை என்று சொல்லி, பயங்கரவாத வழக்குகள் தவிர மற்றவற்றில் அதைக் கைவிடச் சிபாரிசு செய்தது.

நாடாளுமன்றம் எதிர்த் திசையில் நடந்தது. 12 வயதுக்குட்பட்ட சிறுமியைப் பலாத்காரம் செய்தால் மரண தண்டனை வரை விதிக்கலாம் என்று 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. கூட்டுப் பலாத்காரத்தில் இந்த வயது வரம்பு, 2024 ஜூலை 1இல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையில் 18 ஆக உயர்ந்திருக்கிறது.