நோய் தீர்வதும் புண் ஆறுவதும்

ஆங்கிலம் பயிலும் நம் பிள்ளைகள் 'க்யூர்', 'ஹீல்' என்னும் இரு வினைச்சொற்களுக்கும் 'குணப்படுத்து' என்ற ஒரே பொருளை எழுதி மனனம் செய்துவிடுகின்றனர். இரண்டும் ஒன்றல்ல. கவனிப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த 'க்யூர்', நோயை நீக்குவதைச் சுட்டும். 'முழுமையாக்கு' என்னும் பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த 'ஹீல்', சிதைந்தது மீண்டும் கூடுவதைச் சுட்டும். எனவே, காயம் 'க்யூர்' ஆயிற்று என்று எழுதுவது பிழை. நம் தமிழும் இவ்வேறுபாட்டை அறியும்: நோய் தீரும், புண் ஆறும். துயருற்ற மனத்திற்கு நாம் சொல்வதும் 'ஆறுதல்'தானே!

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தாருக்கு 'க்யூர்' வேறொரு வகையிலும் பழக்கமானது. பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பிடுவதற்கும் ஆங்கிலத்தில் அதுவே பெயர். உப்பு அழுகலைத் தடுக்கும்; அவ்வளவே. பதனிட்ட பின்னரே அது செருப்புக்கும் பைக்கும் உதவும் தோலாகிறது.

இவ்விரு சொற்களின் இடைவெளியை நம் வேலூரே உலகிற்குக் காட்டியது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. வலியுணர்வு அற்றுப்போவதால் தீப்புண்ணும் வெட்டுக்காயமும் தெரியாமலே அவை சிதைகின்றன என்பதை அவர் எடுத்துக்காட்டினார். மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் இயங்கச் செய்தார். உணர்விழந்த பாதங்களுக்கென மென்மையான ரப்பர் அடியிட்ட காலணிகளும் இவ்வட்டாரத்தில் உருவாயின. 1955-இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மையம் அப்பணியைத் தொடர்ந்தது.

இன்று கூட்டு மருந்துகளை 6 அல்லது 12 மாதங்கள் உட்கொண்டால் தொழுநோய் முற்றிலும் தீர்ந்துவிடுகிறது. இம்மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. ஆயினும், முன்னரே பழுதுற்ற நரம்பை மருந்து மீட்டுத் தருவதில்லை. ஊராரின் ஒதுக்கத்தையும் அது மாற்றுவதில்லை. 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்தில் மணமுறிவுக்குரிய காரணங்களுள் ஒன்றாகத் தொழுநோயும் இருந்தது. அது நீக்கப்பட்டது 2019-இல்தான். மருந்து வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே சட்டம் அசைந்தது!

நம் இல்லங்களின் நிலை என்ன? நோய் தீர்ந்தவருக்குத் தனித் தட்டு, அவர் வீட்டுப் பெண்ணுக்கு வரன் மறுப்பு என்னும் வழக்கம் எங்கேனும் எஞ்சியிருப்பின், அங்கே 'க்யூர்' நிகழ்ந்திருக்கிறது, 'ஹீல்' நிகழவில்லை. முன்னதை மருத்துவர் செய்து முடித்துவிட்டார். பின்னது உற்றாரும் அண்டை வீட்டாருமாகிய நம் பொறுப்பில் இருக்கிறது.