தறியில் பிறந்த மோட்டார் வண்டி

டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியிருக்கும் நம்மவர் நாள்தோறும் காணும் காட்சி ஒன்று உண்டு. மாலையில் அலுவலகம் விட்டுத் திரும்பினால், வீட்டு வாயிலை அடைத்துக்கொண்டு அயலார் கார் நிற்கும். அதன் உரிமையாளரைத் தேடி மாடி மாடியாக ஏற வேண்டும். ஆள் அகப்பட்டால் வார்த்தை தடிக்கும். அத்தகைய பூசல் ஒன்றில் நாமும் சிக்கி, எட்டு ஆண்டுகள் பழகிய பக்கத்து வீட்டாரோடு பேச்சை இழந்தோம். காரை இத்தனை விரும்பும் நாம் அதனோடு வாழக் கற்றுக்கொண்டோமா என்னும் ஐயம் அன்று எழுந்தது. பின்னர் ஜப்பானில் இரண்டு வாரம் சுற்றும் வாய்ப்புக் கிட்டியபோது, கோயில்களையும் தோட்டங்களையும் பார்த்ததோடு நில்லாமல், அந்நாட்டார் கார்மீது கொண்டுள்ள பற்றையும் கண்டறிய விரும்பினோம். கண்டவற்றை நேயர்களுக்குச் சொல்வதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் நகோயா நகருக்குச் சென்றோம். அங்கே பழைய செங்கல் ஆலைக் கட்டடத்தில் டொயோட்டா நிறுவனத்தாரின் தொழில்நுட்ப நினைவுக் காட்சிச்சாலை 1994-ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகிறது. கார்களைக் காணும் ஆவலோடு நுழைந்த நம்மை வரவேற்றவை தறிகளே! 1867-இல் பிறந்த சகிச்சி டொயோடா, தம் தாயார் தறியில் படும் பாட்டைக் கண்டு வளர்ந்தவர். 1890-இல் மரத்தாலான கைத்தறி ஒன்றைச் சீர்திருத்தி அமைத்தார். 1924-இல் தானே இயங்கும் தறியை முற்றுவித்தார். இழை அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும் என்பது அதன் சிறப்பு. பழுதுபட்ட துணி ஒரு முழங்கூட நெய்யப்படுவதில்லை. பிழை நேர்ந்தவுடன் வேலையை நிறுத்து, காரணத்தைத் தேடு என்னும் இக்கொள்கையே பின்னாளில் அவர்களுடைய கார்த் தொழிற்சாலைக்கும் அடிப்படை ஆயிற்று. சகிச்சியின் மைந்தர் கிச்சிரோ 1933-இல் தறித் தொழிற்சாலைக்குள்ளேயே மோட்டார்ப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். 1936-இல் ஏஏ என்னும் கார் வெளிவந்தது. மறு ஆண்டு டொயோட்டா மோட்டார் நிறுவனம் தனியே உருவாயிற்று.

இது ஒரு குடும்பத்தின் கதை மட்டுமன்று. ஹமமட்சு நகரில் மிச்சியோ சுசுகி என்பார் 1909-இல் நிறுவியதும் தறித் தொழிற்சாலையே. அதுவே பிற்காலத்தில் கார் செய்யும் சுசுகி ஆயிற்று. இந்தச் சுசுகியின் கூட்டுறவோடுதான், இன்று குருகிராம் எனப்படும் குர்கானில், 1983-ஆம் ஆண்டு டிசம்பரில் முதல் மாருதி 800 வெளிவந்தது. காஞ்சியிலும் சேலத்திலும் தறியோசை கேட்டு வளர்ந்து வடக்கே வந்த குடும்பங்கள் பல முதன்முதலாக வாங்கிய காரும் ஒரு தறிக்காரரின் வழிவந்ததே என்றால் வியப்பாக இல்லையா?

இனி அந்நாட்டுத் தெருக்களைப் பார்ப்போம். நம் நாட்டைப் போலவே அங்கும் இடப்புறமே வண்டி ஓட்டுவர். மஞ்சள் நிற எண்பலகை தாங்கிய குட்டிக் கார்கள் எங்கும் தென்படுகின்றன. இவற்றின் யந்திரம் 660 கன சென்டிமீட்டருக்கும், நீளம் 3.4 மீட்டருக்கும், அகலம் 1.48 மீட்டருக்கும் மிகலாகாது, வரியும் குறைவு. 1958-இல் வந்த சுபாரு 360 இவ்வினத்தின் முன்னோடிகளுள் ஒன்று. உருண்டு திரண்ட அதன் வடிவைக் கண்டு மக்கள் அதனைப் பொறிவண்டு என்று செல்லமாக அழைத்தனர்.

தெருவோரங்கள் வெறிச்சென்றிருப்பதன் காரணத்தை விசாரித்தோம். 1962-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, கார் வாங்குவோர் அதனை நிறுத்தத் தமக்கு இடம் உண்டு என மெய்ப்பிக்க வேண்டும் என்கிறது. அவ்விடம் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருத்தல் வேண்டும். காவல் நிலையத்தில் சான்றிதழ் பெற்ற பின்னரே பெரும்பாலான ஊர்களில் காரைப் பதிவு செய்ய இயலும். அன்றியும், புதிய சொந்தக் காரை மூன்றாம் ஆண்டிலும், பின்னர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும் கடுமையான சோதனைக்கு உட்படுத்த வேண்டும். இதற்கு ஆகும் செலவு சிறிதன்று. பழைய கார்களுக்கு வரியும் கூடுதல். இருந்தும் முப்பது, நாற்பது ஆண்டு வயதுடைய கார்களைப் புதியன போல் துடைத்துப் பேணுகின்ற அபிமானிகள் அங்கே ஏராளம்.

இந்த அபிமானத்துக்கு இருண்ட பக்கமும் உண்டு. வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதைகளில் இளைஞர்கள் நள்ளிரவில் பந்தயம் விட்டனர். திருப்பங்களில் பின் சக்கரங்களை வேண்டுமென்றே வழுக்கவிட்டு ஓட்டும் டிரிஃப்ட் என்னும் வித்தை இம்மலைப்பாதைகளில்தான் பெயர் பெற்றது. ஷூயிச்சி ஷிகெனோ 1995 முதல் 2013 வரை வரைந்த இனிஷியல் டி என்னும் சித்திரத் தொடர்கதையின் நாயகன், விடியற்காலையில் மலையேறிச் சோயா கட்டி விநியோகிக்கும் கடைக்காரரின் மகன். அக்கதைக்கு நிலைக்களனான ஹருனா மலையைக் காண இன்றும் வெளிநாட்டார் வருகின்றனர். ஆயினும் எதிரே வருபவன் உயிருக்கும், மலையடிவாரத்தாரின் உறக்கத்துக்கும் யார் பொறுப்பு? அதிகாரிகள் சாலைகளில் வேகத்தடைகளை அமைத்தனர், காவலை மிகுத்தனர். மறுபுறம் இவ்வித்தைக்கென்றே ஓட்டக்களங்களும் போட்டிகளும் ஏற்பட்டன. மலைப்பாதையில் பழகிய கெய்ச்சி சுச்சியா, 1995-இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தம் கார்ப் பிரிவில் வென்ற குழுவில் ஒருவராக விளங்கினார். திறமைக்கு உரிய களம் கிடைத்தால் அது பிறருக்குத் தீங்காவதில்லை என்பதற்கு இஃது ஒரு சான்று.

யோகொஹாமாத் துறைமுகத்தை ஒட்டிய செயற்கைத் தீவில் டைகொகு என்னும் வண்டி நிறுத்துமிடம் உள்ளது. விரைவுச்சாலை வழியாக மட்டுமே கார்கள் அதனை அடைய முடியும். விடுமுறை இரவுகளில் கார் அபிமானிகள் அங்கே கூடுகின்றனர். நாம் சென்ற இரவில் தரையோடு தரையாகத் தாழ்ந்த கார்களும், பாட்டன் காலத்து நிசான்களும் வரிசையாக நின்றன. ஒரு முதியவர் தம் காரின் முன்மூடியைத் திறந்து வைத்து, அறிமுகமற்ற இளைஞன் ஒருவனுக்கு யந்திரத்தை விளக்கிக்கொண்டிருந்தார். இரைச்சல் மிகுந்ததும் காவலரின் ஒலிபெருக்கி முழங்கிற்று. முணுமுணுத்தவர்களும் இருந்தனர்; ஆனால் சிறிது நேரத்தில் இடம் காலியாயிற்று. அங்குள்ளோர் யாவரும் உத்தமர் என்பதன்று நம் கருத்து. விருப்பத்துக்கும் வரம்பு உண்டு என்பதை விரும்புகிறவனே அறிந்திருப்பதுதான் நம் மனத்தைத் தொட்டது.

இழை அறுந்தால் தறி நிற்கிறது. உறவின் இழை அறுந்தபோது நாம் நிற்கவில்லையே என்னும் எண்ணம் ஊர் திரும்பும்வரை உறுத்தியது. வந்த மறுநாளே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினோம். இடம் போதாமை இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆயினும் எந்தக் கிழமையில் எவர் கார் எங்கே நிற்பது என்று இரு வீட்டாரும் அமர்ந்து பேசி முடிவு செய்தோம். அன்று அவர்கள் வீட்டில் தேநீரும் அருந்தினோம்.