அண்டங்களுக்கு அப்பால்

திருவாசகத்தின் மூன்றாம் பகுதியாகிய திருவண்டப்பகுதியை ஓதும் அன்பர்கள் அதன் தொடக்கத்திலேயே ஒரு வியப்பைக் காண்பர். அண்டம் ஒன்றன்று; நூற்றொரு கோடிக்கும் மேற்பட்டவை விரிந்து கிடக்கின்றன என்கிறார் மணிவாசகப் பெருமான். அவ்வளவும் இறைவன் பெருமைக்கு முன் எத்தகையன? வீட்டினுள் நுழையும் வெயிற்கதிரில் மிதக்கும் துகள்கள் அத்தகையனவாம். சூரபதுமன் ஆண்ட அண்டங்கள் ஆயிரத்தெட்டு என்பது கந்தபுராணம் கேட்டோர் அனைவரும் அறிந்ததே. இவ்வண்டத்துக்கு அப்பாலும் அண்டங்கள் உள என்னும் எண்ணம் தமிழருக்குப் புதியதன்று.

மேனாட்டு வானியலார் இவ்வினாவுக்கு வந்த வழி வேறு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பால்வீதியே பேரண்டம் முழுவதும் எனக் கருதியோர் பலர். ஆந்திரமேடா அதற்குப் புறம்பான தனி விண்மீன் கூட்டம் என்பதை எட்வின் ஹபிள் 1924இல் நிறுவினார். இன்றைய கணக்கின்படி பேரண்டத்தின் அகவை ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள். காணத்தக்க எல்லையோ எத்திசையிலும் ஏறத்தாழ 4,600 கோடி ஒளியாண்டுத் தொலைவு. அகவையினும் தொலைவு மிகுந்தது எவ்வாறெனின், ஒளி வந்துகொண்டிருக்கும்போதே வெளியும் விரிந்துகொண்டே சென்றமையால் என்க. அவ்வெல்லை மதில் அன்று. புதுவைக் கடற்கரைச் சாலையில் நிற்போர்க்குக் கடலும் வானும் கூடுமிடம் தெரிகிறது. கடல் அங்கே முடிந்துவிடுவதில்லை அன்றோ?

அதற்கு அப்பால் யாது என்பதில் கருத்துகள் பல. இதே வெளி இவ்வாறே நீண்டு செல்லும் என்பது ஒன்று. தோற்றத்தின் முதற்கணத்தில் பேரண்டம் அளவிறந்த விரைவில் உப்பிற்று என்று ஆலன் கூத் 1981இல் எழுதினார். அவ்வுப்புதல் எங்கும் ஒருங்கே ஓயாது. ஓய்ந்த இடமெல்லாம் பொங்கும் நீரிற் குமிழிபோல் ஒவ்வொரு பேரண்டமாகும் என்று ஆந்திரே லிந்தே விரித்தார். இவற்றுள் எதுவும் கண்டு உறுதி செய்யப்பட்டதன்று. காணவே இயலாததை அறிவியல் என்பது தகுமோ என்று ஜார்ஜ் எல்லிஸ் போன்ற அறிஞர்களே வினவுகின்றனர்.

காணக் கிடையாமை வானியலார்க்குப் புதிதுமன்று. வெள்ளி கதிரவனைக் கடக்கும் காட்சியை 1761இல் முறையாக அளக்க இயலாது போன பிரெஞ்சு வானியலார் லெ ழாந்தீல், எட்டாண்டு பொறுத்து 1769 ஜூன் 4ஆம் நாள் இதே புதுவையில் காத்திருந்தார். அன்று மேகம் கதிரவனை மறைத்துவிட்டது! அம்மேகமாவது பின்னர் விலகிற்று. ஒளியின் எல்லைக்கு அப்பாலிருந்தோ இன்றுவரை ஒரு செய்தியும் வந்ததில்லை.

மேடையேறும் அன்பர் சிலர், இக்கருத்துகளை மணிவாசகர் முன்பே கண்டுபிடித்துவிட்டார் என்று முழங்குவதுண்டு. இது அடிகளுக்குப் பெருமை சேர்ப்பதன்று. நாளை லிந்தேயின் கருத்து பொய்யெனத் தெரிந்தால் திருவாசகமும் பொய்யாகுமோ? அண்டங்களை எண்ணிக் காட்டுவது அடிகளின் நோக்கமன்று. எண்ணத் தொலையாத அவையும் துகளாகும்படி உயர்ந்தவன் ஒருவன் உளன் என்பதே கருத்து.

சைவாகமங்கள் ‘அப்பால்’ என்பதனையே வேறு பொருளில் கொள்கின்றன. தத்துவங்கள் முப்பத்தாறு. பிரமாண்டம் அவற்றுள் கடைப்பட்டதாகிய பிருதிவி தத்துவத்தில் அடங்கும். ஏனைய முப்பத்தைந்தும் தொலைவால் அப்பாலன அல்ல, நுண்மையால் அப்பாலன. புவனங்கள் 224: நிவிர்த்தி கலையில் 108, பிரதிட்டையில் 56, வித்தையில் 27, சாந்தியில் 18, சாந்தியதீதையில் 15. மேலே செல்லச் செல்ல எண்ணிக்கை குறைந்துகொண்டே போவது நோக்கத்தக்கது. இவையனைத்தும் மாயையின் காரியமே. இறைவன் இவற்றையும் கடந்தவன்.

இச்செய்திகளைத் தாங்கிய ஓலைச்சுவடிகள் பல புதுவையிலேயே உள்ளன. செயிண்ட் லூயி வீதியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அவற்றைத் தொகுத்துக் காத்து வருகிறது. புதுவையின் சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. சோமசம்பு பத்ததியை எலேன் புருன்னர் அம்மையார் பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் நான்கு தொகுதிகளாக வெளியிட்டதும் அந்நிறுவனத்தின் வழியேதான். முதல் தொகுதி 1963இல் வந்தது, நான்காவது 1998இல்.

அந்நூல் கூறும் நிருவாண தீக்கையில், மாணாக்கனின் குடுமியிலிருந்து கால் பெருவிரல் வரை ஒரு நூலைத் தொங்கவிடுவர். ஐந்து கலைகளும், அவற்றுள் அடங்கிய புவனங்கள் அத்தனையும், அந்நூலில் வந்து பொருந்துவனவாக ஆசிரியர் பாவிப்பார். பின்னர் ஒவ்வொரு கலையாகத் தூய்மை செய்து, நூலை அவ்வப்பகுதியில் அறுத்து வேள்வித் தீயில் இடுவார். இருநூற்றிருபத்து நான்கு புவனங்களுக்கும் அங்கே அளவு ஓர் ஆள் உயரமே.